மாவுப்பூச்சியை அதன் பகைவர்களைக் கொண்டே அடக்கும் முறை

பயிர்களுக்கு நேரும் கேடுகளில், கண்ணுக்கு எதிரே இருந்தும் கைக்கு அகப்படாமல் பெருகுவது மாவுப்பூச்சியாகும். மரவள்ளி, பப்பாளி, மல்பெரி, பருத்தி, கத்தரி, கொய்யா முதலியவற்றின் குருத்திலும் இலையடியிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் இப்பூச்சி படிந்திருப்பதைக் குடியானவர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். இதை ஒழிக்க விஷ மருந்தை வாரி இறைத்துப் பணத்தை இழந்தவர் பலர். அதே பூச்சியை, அதனை உண்டு வாழும் வேறு பூச்சிகளைக் கொண்டு அடக்கிய வரலாறும் நம் நாட்டிலேயே உண்டு. முள்ளை முள்ளால் எடுக்கும் இம்முறையின் தத்துவம் யாது, அதைக் கையாளும் வகை யாது, அது பலிக்கவும் பலியாமற்போகவும் காரணங்கள் எவை என்பவற்றை இக்கட்டுரையில் முறையே எடுத்துரைப்போம்.

பூச்சியின் இயல்பு

நம் ஜில்லாக்களில் பெருஞ்சேதம் விளைவித்தது பப்பாளி மாவுப்பூச்சி எனப்படும் இனம். இதன் பிறப்பிடம் மெக்ஸிகோவும் அதனை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளுமாகும். பெண் பூச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளமுள்ளது. உடல் மஞ்சள் நிறம். மேலே வெள்ளை மெழுகுத் தூள் போர்த்திருக்கும். அதற்குச் சிறகில்லை. ஆணுக்கு மட்டும் சிறகுண்டு. பெண் தன் உடலின் பின்புறத்தில் பஞ்சு போன்ற ஒரு பையை நெய்து, அதற்குள் 100 முதல் 600 வரை முட்டையிடும். சுமார் 10 நாட்களில் முட்டைகள் பொரிந்து, கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய குஞ்சுகள் ஊர்ந்து சென்று இளந்தளிர்களை அடைகின்றன. காற்றினாலும், எறும்புகளாலும், ஆட்களின் உடைகளாலும், நடவுக்குக் கொண்டு செல்லும் கரணைகளாலும் இவை வயல்விட்டு வயல் பரவும்.

இவை செடியின் சாற்றை உறிஞ்சுகின்றன. குருத்து சுருண்டு வளர்ச்சி நின்றுவிடுகிறது. பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர் இலைகளின்மேல் வழிந்து, அதில் கரும்பூசணம் படர்கிறது. அந்த இனிப்பு நீருக்காக எறும்புகள் சாரிசாரியாக வந்து, இடையன் ஆட்டைக் காப்பதுபோல மாவுப்பூச்சிகளைக் காத்து, அவற்றின் பகைவர்களைக் கடித்துத் துரத்துகின்றன. எறும்புச் சாரியைக் கண்ட இடத்தில் மாவுப்பூச்சியைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

விஷ மருந்து பயன்படாமைக்குக் காரணம்

இதைக் கணக்கிட்டு அறிவது நலம். ஒரு தாய்ப்பூச்சி 300 முட்டையிடுவதாகவும், அவற்றில் பாதி பெண் என்றும், ஒன்றும் சாகவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அதன் மகள்கள் 150. அவற்றின் மகள்கள் 22,500. இந்நிலையில் மருந்தடித்து நூற்றுக்குத் தொண்ணூறு கொன்றாலும் 2,250 எஞ்சும். அவை ஒவ்வொன்றும் மீண்டும் 150 பெண்களை ஈனுமாயின் அடுத்த தலைமுறையில் 3,37,500 ஆகும். ஒரு தலைமுறைக்குச் சுமார் ஒரு மாதமே செல்லும். ஆகவே, தொண்ணூறு பங்கு கொன்றதாகக் குடியானவர் மகிழ்ந்திருக்கையில், பூச்சி ஒரு மாதத்திற்குள் முன்னிலும் பன்மடங்காகிவிடக் கூடும்.

உண்மையில் நூற்றுக்குத் தொண்ணூறு சாவதும் அரிது. மெழுகுப் போர்வையின்மேல் மருந்து நீர் ஒட்டாமல் வழிந்துவிடும். பைக்குள் இருக்கும் முட்டைகளை அது எட்டுவதில்லை. ஆனால் மாவுப்பூச்சியைத் தின்ன வந்த வண்டுகளும் குளவிகளும் அம்மருந்தால் எளிதில் மாண்டுபோகின்றன. காவலாளியைக் கொன்று கள்வனை உயிரோடு விட்ட கதையாக முடிகிறது. மல்பெரித் தோட்டத்திலோ கேடு இரட்டிப்பாகும். விஷம் பட்ட இலையைத் தின்னும் பட்டுப்புழுக்களும் மடிந்து போகும்.

இயற்கைப் பகைவர் இரு வகையினர்

மாவுப்பூச்சியின் பகைவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கண்டதைக் கொன்று தின்னும் பூச்சிகள். இவற்றுள் தலையாயது ஆஸ்திரேலியப் பொறிவண்டு. இது சுமார் 4 மில்லிமீட்டர் நீளமும், கருமை கலந்த பழுப்பு நிறமும், ஆரஞ்சு நிறத் தலையும் உடையது. 1898-ஆம் ஆண்டிலேயே காப்பிச் செடியின் பச்சைச் செதிற்பூச்சியை அடக்கும் பொருட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்நாளில் ஆராய்ச்சி நிலையங்களில் பறங்கிக்காயின்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதை இரையாக இட்டு இவ்வண்டைப் பெருக்குகின்றனர்.

இவ்வண்டின் புழுவைக் குடியானவர்கள் அவசியம் அடையாளம் அறிந்திருத்தல் வேண்டும். அதன் உடலிலும் வெண்மையான மெழுகு இழைகள் தொங்குவதால், அது பெரிய மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். பயிரைக் காக்க வந்த இந்த நண்பனைப் பகைவன் என எண்ணி நசுக்குவோர் பலர். வேறுபாடு அறிவது எளிது. மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும். வண்டின் புழுவோ அதைவிடப் பன்மடங்கு நீளமாய், 10 மில்லிமீட்டருக்கும் மேல் வளர்ந்து, தொட்டவுடன் சுறுசுறுப்பாக ஓடும்.

நம் நாட்டிலேயே இயல்பாக உள்ள ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சிக் கூட்டங்களின் நடுவே இருந்து அவற்றைத் தின்னும். அப்புழுவின் உடலும் வெண்தூள் படிந்து காணப்படும். அதன் கூட்டுப்புழு குரங்கு முகம் போல் இருப்பதால் யாரும் எளிதில் கண்டுகொள்ளலாம். அதையும் அழிக்கலாகாது.

இரண்டாம் வகை, ஒட்டுண்ணிக் குளவிகள். குளவி என்றதும் கொட்டுமோ என்று அஞ்ச வேண்டாம். இவை மிகச் சிறியவை. மனிதரையோ கால்நடையையோ தீண்டா. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்துகிறது. அதிலிருந்து தோன்றும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பு நிறமடைந்து, வெறும் கூடாகிவிடுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புதிய குளவி அக்கூட்டில் வட்டமாகத் துளையிட்டு வெளிவந்து, வேறு பூச்சியைத் தேடிப் பறந்து செல்கிறது.

இவ்விரு வகையினரின் தொழிலும் வேறு வேறு. பொறிவண்டு பெருந்தீனிக்காரன், பூச்சி மண்டிக் கிடக்கும் இடத்தில் விரைந்து குறைக்கும், இரை அருகியதும் அவ்விடம் விட்டு நீங்கும். குளவியோ அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பூச்சிகளையும் தேடிக் கண்டுபிடிக்கும் ஆற்றலுடையது. மேலும் அது மாவுப்பூச்சியைக் காட்டிலும் விரைவில் தலைமுறை மாறுகிறது. ஆகையால் பூச்சியை நிலையாக அடக்கி வைப்பது பெரும்பாலும் குளவியே.

முன்னர் நடந்தவை

இம்முறை புதிதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதிற்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கோபெலே என்பவர் அப்பூச்சியின் தாயகமாகிய ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கிருந்து அனுப்பிய சில நூறு பொறிவண்டுகள் பெருகி, ஏறக்குறைய ஓராண்டுக்குள் தோட்டங்களை மீட்டன. அதே செதிற்பூச்சி 1928-இல் நீலகிரியில் காணப்பட்டபோதும் அவ்வண்டே தருவிக்கப்பட்டு உதவிற்று.

நம் முன்னோர் கண்கூடாகக் கண்ட மற்றொன்று சப்பாத்திக் கள்ளியின் அழிவு. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் வேரூன்றும் அக்கள்ளி, மேய்ச்சல் நிலங்களையும் கிராமப் புறம்போக்குகளையும் அடைத்துக் கிடந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு வகைச் சாயப்பூச்சி அதன் சாற்றை உறிஞ்சி, சில ஆண்டுகளில் தென்னிந்தியாவின் பெரும் பரப்பிலிருந்து அதை நீக்கிற்று.

ஆயினும் பகைவனைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் வருங்கேடும் பெரிது. கரும்புத் தோட்டத்து எலிகளைக் கொல்ல 1872-இல் இந்தியாவிலிருந்து ஜமைக்காத் தீவுக்குக் கீரிப்பிள்ளைகள் கொண்டு போகப்பட்டன. அவை எலிகளோடு நில்லாமல் பறவைகளையும் கோழிகளையும் பிடிக்கலாயின. 1935-இல் கரும்பு வண்டை அழிப்பதற்காக ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட பெருந்தேரை, வண்டை விட்டுவிட்டுத் தானே ஒரு பெருந்தொல்லையாகப் பரவிற்று. கண்டதை எல்லாம் தின்னும் பிராணியை நம்பலாகாது. ஒரு பூச்சியை மட்டுமே உண்டு, அதில்லாவிடில் தானும் இல்லையாகும் பகைவனே ஏற்றது என்பதை இவற்றால் அறியலாம். இதனாலேயே எந்தப் பூச்சியையும் வெளிநாட்டிலிருந்து தருவித்தவுடன் வயலில் விடுவதில்லை. அடைத்த அறைகளில் வைத்து, பட்டுப்புழு, தேனீ, பிற நற்பூச்சிகள் ஆகியவற்றுக்கு அதனால் தீங்கில்லை என்று கண்ட பிறகே வெளியே விடுகின்றனர்.

2008 முதல் 2010 வரை

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதல் காணப்பட்டது. அதன் இயற்கைப் பகைவர்கள் தாயகத்திலேயே தங்கிவிட்டமையால், இங்கே அது தடையின்றிப் பெருகிற்று. கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் முதலிய ஜில்லாக்களில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்கள் வெள்ளை பூத்து வாடின. மருந்துக்கு மேல் மருந்தடித்தும் பயன் காணாது மல்பெரிச் செடிகளைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. பட்டுக்கூட்டின் வருமானத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடியாயிற்று.

2010-ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள மத்திய சர்க்காரின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார், அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியுடன் போர்ட்டோரிக்கோத் தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தனர். சோதனைகள் முடிந்தபின் அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே அவை தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டன. மூன்றிலும் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் மஞ்சள் நிறக் குளவியே சிறந்து விளங்கிற்று. ஆராய்ச்சியாளர் முளைவிட்ட உருளைக்கிழங்கின்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவிகளைப் பெருக்கிக் குடியானவர்களுக்கு வழங்கினர். சில மாதங்களிலேயே பூச்சி தணிந்தது. கைவிட்ட நிலங்களில் மீண்டும் மல்பெரி நடப்பட்டது.

இன்னொரு பூச்சியும் அது கற்பித்த பாடமும்

மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சி உண்டு. இது இளஞ்சிவப்பு நிறமுடையது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1973-ஆம் ஆண்டளவில் இது ஆப்பிரிக்காவில் காங்கோ பிரதேசத்தில் தோன்றி, மரவள்ளியையே அன்றாட உணவாகக் கொண்ட நாடுகளில் பரவிற்று. இதன் பகைவனைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர் முதலில் தென்னமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டனர். பார்வைக்கு ஒத்திருந்தும் அது வேறு இனம். அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியின்மேல் பெருகவில்லை. பின்னர் 1981-இல் பராகுவே நாட்டில் உண்மையான இனமும், அதனை உண்ணும் அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் அகப்பட்டன. அவ்வாண்டே நைஜீரியாவில் அது விடப்பட்டு, தொடர்ந்து பல நாடுகளுக்குப் பரப்பப்பட்டது. அப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெர்ரன் என்பவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது.

இதே பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் மரவள்ளி வயல்களில் பரவிற்று. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கிய குளவி இதைத் தீண்டவில்லை. ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பகைவனே உரியது. அனகைரஸ் லோபெசி குளவியே ஆப்பிரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-இல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களுக்கு வழங்கப்படலாயிற்று.

ஆகவே, வந்திருப்பது எவ்வினம் என்று அறியாமல் எப்பகைவனையும் விடுவது வீண். மஞ்சள் உடலுடன் பல பயிர்களிலும் களைகளிலும் காணப்படுவது பப்பாளி மாவுப்பூச்சி. இதைச் சாராயத் திரவத்தில் இட்டால் நீலங்கலந்த கருநிறமாகும். இளஞ்சிவப்பு உடலுடன் பெரும்பாலும் மரவள்ளியில் மட்டும் காணப்பட்டு, கணுவிடை குறுகிக் குருத்து முட்டைக்கோசு போல் திரளச் செய்வது மற்றையது. ஒரே வயலில் இரண்டும் இருத்தல் கூடுமாதலால், ஐயமுண்டாயின் மாதிரியை ஒரு சிறு சீசாவில் இட்டு விவசாய அதிகாரியிடம் காட்டித் தெளிக.

குடியானவர்கள் செய்ய வேண்டியவை

1. வாரம் ஒருமுறை வயலைச் சுற்றிப் பார்த்து, எறும்புச் சாரி, சுருண்ட குருத்து, கரும்பூசணம் ஆகிய மூன்றையும் கவனிக்கவும். பூச்சி சில செடிகளில் மட்டும் இருக்கையிலேயே தாக்குண்ட குருத்துகளைக் கிள்ளி எரித்துவிடலாம்.

2. மரவள்ளிக் கரணையைப் பூச்சியற்ற வயலிலிருந்தே எடுக்கவும். தாக்குண்ட வயலின் கரணையை இனாமாகக் கிடைத்தாலும் ஏற்கலாகாது.

3. வரப்புகளிலுள்ள பார்த்தீனியம் முதலிய களைகளை நீக்கவும். பயிர் இல்லாத காலத்தில் பூச்சி அவற்றில்தான் தங்கியிருக்கும்.

4. எறும்புப் புற்றுகளைக் கண்டு அழிக்கவும். எறும்பு காவல் காக்கும் வரையில் குளவி நெருங்க இயலாது.

5. பூச்சி மிகுந்துவிட்டால், நற்பூச்சிகளை விடுவதற்கு முன்பாக, வேகமாக நீரைப் பீய்ச்சியோ, மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளித்தோ ஒருவாறு குறைக்கலாம். கடும் விஷங்களைத் தொடலாகாது.

6. குளவிகள் அடைத்த குப்பியை வெயில் தணிந்த வேளையில், பூச்சி உள்ள குருத்தின் அருகே திறந்து வைக்கவும். மழை பெய்யும்போதும் உச்சி வெயிலிலும் விடலாகாது. பொறிவண்டாயின் திராட்சைக் கொடி ஒன்றுக்கு 10 வீதம் விடுவது வழக்கம்.

7. விட்டபின் தாக்குண்ட குருத்துகளைக் கிள்ளி எரிப்பதை நிறுத்திவிடவும். உப்பிய பழுப்பு நிறக் கூடுகளுக்குள் அடுத்த தலைமுறைக் குளவிகள் இருக்கின்றன. அவற்றை எரிப்பது விதைநெல்லை எரிப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய கூடுகள் நிறைந்த இலைகளை, ஏற்கெனவே பூச்சி கண்ட மற்றொரு வயலில் கட்டித் தொங்கவிட்டால் அங்கும் குளவி பரவும். பூச்சியே இல்லாத வயலுக்கு அவற்றைக் கொண்டு போகலாகாது.

குடியானவர்களின் வினாக்களும் விடைகளும்

கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் சில வினாக்களுக்கு இங்கே விடை கூறுவோம்.

“மாவுப்பூச்சி தீர்ந்தபின் குளவி எங்கள் பயிரைத் தின்னாதா?” என்று கேட்கின்றனர். தின்னாது. இலையைக் கடிக்கும் வாயும், சாற்றை உறிஞ்சும் பழக்கமும் அதற்கில்லை. தனக்குரிய மாவுப்பூச்சியின் உடலன்றி வேறெங்கும் அதன் குஞ்சு வளராது. பூச்சி குறையக் குறையக் குளவியும் குறையும்.

“விட்ட மறுவாரமே பூச்சி இருக்கிறதே?” என்பது இரண்டாவது. மருந்தைப்போல் உடனே பலன் காட்டுவது இதன் இயல்பன்று. முதலில் விட்ட குளவிகள் சிலவே. அவை இரண்டு மூன்று தலைமுறை பெருக வேண்டும். முதல் மாதத்தில் பழுப்புக் கூடுகள் தென்படுகின்றனவா என்று மட்டும் பார்க்கவும். தென்பட்டால் வேலை நடக்கிறது என்று பொருள். முழுப் பலனுக்குச் சில மாதங்கள் பொறுத்தல் வேண்டும். பொறுமை இழந்து மருந்தடிப்பவர் அதுவரை பெற்ற லாபத்தையும் இழப்பார்.

“ஒரு பூச்சிகூட இல்லாமற் போகுமா?” என்பது மூன்றாவது. போகாது, போகவும் வேண்டுவதில்லை. சில பூச்சிகள் இருந்தால்தான் குளவிக்கு உணவிருக்கும். குளவி இருந்தால்தான் பூச்சி மீண்டும் எழாது. அங்கங்கே சிறிது வெண்மை கண்டு அஞ்ச வேண்டாம். பயிருக்கு நஷ்டம் வராத அளவில் பூச்சி அடங்கியிருப்பதே நாம் கோரும் பயன்.

“இதற்கு என்ன செலவாகும்?” என்பது கடைசி. மருந்துக்கு ஒவ்வொரு போகமும் பணம் வேண்டும். குளவியோ ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் தானே பெருகித் தானே பரவும். எங்கே கிடைக்கும் என்பதை அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ விரிவாக்க மையத்திலோ விசாரித்து அறியலாம்.

கிராம அதிகாரிகளின் கடமை

இம்முறையில் ஒருவர் முயற்சி தனித்து நில்லாது. குளவிக்கு வரப்பும் இல்லை, பட்டாவும் இல்லை. இரண்டு ஏக்கர் மல்பெரி வைத்திருக்கும் ஒரு ஏழைக் குடியானவர் குளவி விட்டுக் காத்திருக்கையில், மேற்கே உள்ள பெரிய நிலத்துக்காரர் ஒரு நாள் விஷம் தெளித்தால், இருவருக்கும் உரிய குளவிகள் ஒருங்கே மடியும். மருந்தடித்தவர் மறுமாதமும் மருந்து வாங்குவார். வாங்க இயலாத ஏழையோ பயிரை இழப்பார். அதேபோல் ஒருவர் கவனியாது விட்ட பாழ்த்தோட்டத்திலிருந்து ஊர் முழுவதற்கும் பூச்சி பரவும்.

ஆதலின் கிராம அதிகாரிகளும் பெருநிலக்காரர்களும் ஒரு பாசனப் பகுதியிலுள்ள யாவரையும் கூட்டி, குளவி விடும் நாளைக் குறித்து, அதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னிருந்தே மருந்து தெளிப்பதை நிறுத்தும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும். வேறு பூச்சிக்காக மருந்து தேவைப்பட்டால் தனியே முடிவு செய்யாமல் விவசாய அதிகாரியைக் கலந்துகொள்ளச் சொல்லுக. எவ்வயலில் எந்நாள் விடப்பட்டது, பழுப்புக் கூடுகள் எப்போது முதலில் காணப்பட்டன, பூச்சி எந்த மாதத்தில் தணிந்தது என்னும் மூன்று விவரங்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பாராயின், அடுத்த முறை பூச்சி தோன்றுங்கால் அக்குறிப்பு ஊருக்கே வழிகாட்டும். வெளிநாட்டுப் பூச்சிகள் இனியும் வரக்கூடும். புதிய பூச்சி எதையேனும் கண்டவுடன் காலந்தாழ்த்தாமல் இலாகாவுக்குத் தெரிவிக்குமாறு யாவரையும் கேட்டுக்கொள்கிறோம்.